பதினேழாம் தேதி

அடுப்பு பதினேழாம் தேதி அணைந்தது.
உருளையைச் சாய்த்தேன், குலுக்கினேன்,
நீலச் சுடர் ஒருமுறை இருமிவிட்டுப் போய்விட்டது.
மின்சாரச் சோற்றுப் பானை
தீபாவளிக்கு முன்பே செத்திருந்தது.
சம்பளம் ஏழாம் தேதி.
கையில் நாற்பத்து மூன்று வெள்ளி, கொஞ்சம் சில்லறை.
உருளைக்கு இருபத்தெட்டு கொடுத்தால்
அதன் மேல் வேகவைக்க என்ன வாங்குவது?

கோலாலம்பூரிலிருந்து பூங்கொடி சிரித்தாள்:
"அம்மா, இதுக்குப் பேர் இருக்கு,
சமைக்காத சாப்பாடு. இங்க காசு கட்டிக் கத்துக்கிறாங்க."
ஒரு படம் அனுப்பினாள்.
அவகாடோ, பாதாம்,
வாயில் நுழையாத பெயரோடு ஏதோ ஒரு கறுப்பு விதை.
படத்தைப் பெரிதாக்கி
விலைச் சீட்டு தெரிகிறதா என்று தேடினேன்.

பீடோர் பசார் மாலாமுக்குப்
பத்து மணிக்குப் போக வேண்டும்.
விளக்கைக் கழற்றுகிற நேரத்தில்தான்
சோங்குக்கு இரக்கம் வரும்.
வாடிய வெள்ளரி, முனை உடைந்த சிங்குவாங்,
அடிபட்ட கொய்யா எல்லாம் சேர்த்து
ஒரு பை இரண்டு வெள்ளி.
பாசிப்பயறு ஒரு கிலோ,
நிலக்கடலை அரைக் கிலோ,
ஒரு தேங்காய்.

பயற்றைக் கட்ட
அவருடைய கிழிந்த பனியன் போதும்.
மூன்றாம் நாள் அவிழ்த்தால்
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை வால்.

கால்வாய் ஓரத்து வல்லாரையைக் கிள்ளினேன்.
அப்படியே மரவள்ளிக் கொழுந்துக்கும் கையை நீட்டினேன்.
"ஜாங்கான்!"
வேலிக்கு அந்தப் பக்கம் காக் ரோஹானா அலறினாள்.
வேகாமல் தின்றால் விஷமாம்.
திட்டிக்கொண்டே
தன் செடியிலிருந்து உலாம் ராஜா
ஒரு கைப்பிடி ஒடித்துக் கொடுத்தாள்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரியிலிருந்து
இறங்கி வந்தார் அவர்.
தட்டைப் பார்த்தார்.
"நான் என்ன ஆடா, ராஜம்மா?"
ஆடு இவ்வளவு கேள்வி கேட்காது என்றேன்.

மென்றோம்.
தொலைக்காட்சிச் செய்தி கேட்காத அளவு
சத்தமாக மென்றோம்.
சோறு போல இது வழுக்கிப் போவதில்லை,
ஒவ்வொரு வாயும் ஒரு வேலை.
தட்டு காலியாக முக்கால் மணி நேரம்.
அதற்குள் அவர்
லாரியின் பிரேக் பற்றிச் சொன்னார்,
புதிய மண்டோர் வங்காளதேசப் பையன்களைத் திட்டுவதைச் சொன்னார்,
முழங்கால் வலியைச் சொன்னார்.
எந்த முழங்கால் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டில்
நெத்திலி சம்பால்.
பலகைச் சுவர் தடுக்குமா வாசனையை?
இருவரும் கடலையைக் கடித்துக்கொண்டு
சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் துவைக்கும்போது
அவர் சட்டைக் கை மடிப்பில்
மஞ்சளாய்ப் பருப்புக் கறை.
மாமாக் கடை ரொட்டி சானாய்.
தேய்த்தேன், போயிற்று, கேட்கவில்லை.
பள்ளிக் கேன்டீனில் தட்டுக் கழுவுகிற நான்
வியாழக்கிழமைதோறும்
மீ சட்டியின் அடியைச் சுரண்டித் தின்பதை
அவரும் கேட்டதில்லை.

ஏழாம் தேதி சாயங்காலம்
மோட்டார் சைக்கிளில் புது உருளை வந்தது.
பொன்னி அரிசி, ரசம், பொரித்த அப்பளம்.
கைச்சூட்டை ஊதி ஊதித் தின்றோம்,
கண்ணில் நீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டோம்.
ஏழு நிமிடம்.
கை கழுவிவிட்டு
அவர் தொலைக்காட்சிக்குப் போனார்.

தொட்டியோரம் பனியன் துணி இன்னும் ஈரமாய்.
உள்ளே பயறு,
சம்பளம் வந்தது தெரியாமல்
வால் விட்டுக்கொண்டிருந்தது.
பையில் கடைசிக் கொய்யா ஒன்று.
நான்காக வெட்டி மேசையில் வைத்தேன்,
கூப்பிடவில்லை.

உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டு
எழுந்து வந்தார்,
உப்பு அவர் கண் முன்னால்தான் இருந்தது.