ஆறாம் பத்தி

வெலிங்டனில் உறைபனி இறங்கிய ராத்திரி.
நாளை மேஜர் நடத்தும் பாடத்துக்காக
லாத்வியக் கர்னல் ஒருவரைத்
தட்டச்சு செய்கிறேன்.

ப்ரீடே. குத்தகைக்காரன் மகன்.
மூன்றாம் பத்தியில் ஜாரின் பட்டாளம்.
ஐந்தில் சொந்த நாடு;
அதற்கு நாணயம்கூட அச்சாகவில்லை,
இருநூறு பேர் இருந்தார்கள்,
காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு
பின்வாங்கினார்கள், திரும்பி வந்தார்கள்.

ஆறாம் பத்தி சின்னது.
பண்ணைவீட்டோரம், பனிமூட்டம்,
கூட்டாளிப் படையே சுட்டுவிட்டது.
'தவறுதலாக' என்ற சொல்லில்
மூன்று முறை பிழை விட்டேன்.

வெளுக்கும் நேரம் கேட்டில் சென்ட்ரி கத்துகிறான்:
"தம்! கோன் ஆத்தா ஹை?"
தோஸ்த் என்று சொல்லவேண்டும்.
மூட்டத்துக்குள் ஜோகி
கேனைக் கீழே வைக்கும் சத்தம்.
"பால்."

சென்ட்ரி யோசிக்கிறான்.
நானும்,
விரலைத் தூக்கிப் பிடித்தபடி.