நாற்பத்தைந்து முதல் நூற்றைந்து வரை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே,
லாரி போகும்போதெல்லாம்
சுவரில் தொங்கும் கிட்டார்கள் தாமாகவே முனகுகிற கடை.
"தம்பிக்கா?" என்கிறார்.
எனக்குத்தான். பேஸ். நாலு கம்பி.
அவர் என் விரல்களைப் பார்க்கிறார்,
நான் விலைச்சீட்டைப் பார்க்கிறேன்.

நிக்கல் என்றால் மூன்று வாரம்.
குறும்பனையில் எங்கள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே
ஒரு ரோடு, ஒரு வரிசைப் பாறாங்கல், அவ்வளவுதான்.
சைக்கிள் செயின், கேட்டுக் கொண்டி,
குருசடியில் கட்டின சீரியல் பல்பின் ஊசிக்கால்,
எதையும் விடாத காற்று
என் நாலு கம்பியையா விடும்?
போதாததற்கு என் வியர்வை.
சிலர் கை பட்டால் ஒரு வருஷம் மினுங்கிக் கிடக்கும்.
என் கை பட்டால்
பத்து நாள் திருவிழா முடிவதற்குள் கறுத்துவிடும்.

ஒருதடவை அவித்தும் பார்த்தேன்.
மரச்சீனி அவிக்கிற பானையில்
கொஞ்சம் வினாகிரி விட்டு, பத்து நிமிஷம்.
தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு வந்தது.
"கிழங்குக்கு இன்னைக்கு ஜி கம்பியா கறி?" என்றார் இவர்.
ரெண்டு ஞாயிறு கணீரென்று பேசியது.
மூணாவது ஞாயிறு பழைய கதை.

ஸ்டீல் எடுங்க, துருப்பிடிக்காது என்கிறார் கடைக்காரர்.
சரிதான்.
ஆனால் அது ஃபிரெட்டைத் தின்னும்.
கம்பி மாற்ற ஆயிரம் சொச்சம்,
ஃபிரெட் மாற்ற திருவனந்தபுரம் போகணும்.

இழுவை என்று ஒன்றும் இருக்கிறது.
நூற்றைந்து போட்டால் நாலும் சேர்ந்து
கழுத்தை எழுபத்தைந்து கிலோவுக்கு இழுக்கும்.
ராப்பகலாய் ஒரு முழு ஆள்
அந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.
நாம் ஜிப்பை மூடிவிட்டுத் தூங்குகிறோம்.
நூறு போட்டால் கொஞ்சம் மெலிந்த ஆள்.
அதற்கும் கீழே போனால் ஈ கம்பி
வலை காயப்போட்ட கயிறு மாதிரி தொய்ந்து
பலகையில் அடிக்கும்.

இதெல்லாம் முன்பே தெரியும்.
என்னை இங்கே கொண்டுவந்தது செவ்வாய்க்கிழமை.

கருங்கல்லில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு.
ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிற தாசையன்
ரெண்டு வாரத்துக்கொருமுறை வருவார்.
கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ரப்பரைக் கட்டினேன். தட்டினேன். தடவினேன்.
நரம்பு அங்கேதான் இருக்கிறது,
என் விரலுக்குத் தெரியவில்லை.
வரிவரியான கம்பி வருஷக்கணக்கில் அராவி அராவி
நுனியில் செருப்புத்தோல் மாதிரி ஒரு காய்ப்பு.
முதல் குத்து வீண்.
ரெண்டாவதும்.
"பரவாயில்ல பிள்ளே" என்றார்.
அதுதான் பொறுக்கவில்லை.

"பிளாட் இருக்கா?"
மேல்தட்டிலிருந்து தூசு தட்டி எடுத்தார்,
நாலு வருஷமாய் யாரும் கேட்காதது.
பட்டையாய்ச் சுற்றியது, நாடா போல வழவழப்பு.
நாற்பது முதல் நூறு.
விலை மூன்று மடங்கு,
அழுக்கு போய் உட்கார இடுக்கே இல்லாததால்
அஞ்சாறு வருஷம் ஓடும்.
சத்தத்தில் மினுக்கம் மட்டும் இருக்காது,
அப்புறம் வந்து கேக்கப்பிடாது என்றார்.
கொள்ளாம், நேர்மையான மனுஷர்.

சனிக்கிழமை ஒத்திகையில்
டிரம்ஸ் ரெக்சின் குச்சியை நிறுத்தினான்:
"என்னக்கா, போர்வைக்குள்ள இருந்தா வாசிக்கிய?"
கீபோர்டுக்காரருக்கு வித்தியாசமே தெரியவில்லை.
பாடுகிற ஒருத்தியின் கைக்குழந்தை மட்டும்
ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டிக்கிடந்து தூங்கியது,
கடைசி அல்லேலூயா வரை.

பழைய ஜி கம்பியை ரெக்சின்தான் வாங்கிப்போனான்,
சீலாவுக்கு. நைலானை அது கடித்து அறுத்துவிடுமாம்.
போட்டோ அனுப்பினான்: முழங்கை நீளத்துக்கு ஒரு மீன்,
வாயில் என் கம்பி.
இழுவை நல்லா இருக்குக்கா, என்று கீழே.

மறு செவ்வாய்க்கு மறு செவ்வாய்
தாசையன் வந்தார், நீட்டினார், திருப்பிக்கொண்டார்.
காய்ப்பு இன்னும் உரியவில்லை.
வலதுகைச் சுண்டுவிரலை வைத்தேன்,
எந்தப் பாட்டிலும் வேலையில்லாத விரல்.
தோலுக்கு அடியில் ஒன்று
மெத்தென்று எதிர்த்தது,
அளவான இழுவையில்.