பாக்கி

கெய்சர் வீதிக் கடைக் கொப்பியில்
ஸுஹைரின் பெயருக்கு நேரே
ஏழு மாதமாக எழுதிவந்தேன்:
பாக்கி, நாற்பத்திரண்டாயிரம்.

என் சொல் என்றே நினைத்திருந்தேன்.
கேட்கப் போன மழைநாளில்
பிளேன்டீயை ஆற்றியபடி சிரித்தான்:
"அறபு மச்சான் அது. பே, காஃப், யே.
எல்லாம் போன பிறகும் இருக்கிறது.
அல்லாஹ்வுக்கும் அந்த வேரில் ஒரு பேர்.
நீ அதைப் போய்
சீத்தைத் துணிக்கு எழுதுறாய்."

இன்று மாளிகாவத்தை மையவாடி.
மூத்தவன் தொண்டையைச் செருமிக்கொண்டு,
"வாப்பா யாருக்கும் கடன்பட்டிருந்தால்
என்னிடம் சொல்லுங்கள்" என்றான்.
சட்டைப்பையில் துண்டு இருந்தது.
நான் செருப்பைத் தேடினேன்.

இரவு, கொப்பியில்
தொகையைக் குறுக்கே வெட்டினேன்.
அதற்கு முன்னிருந்த சொல்லின் மேல்
பேனை ஓடவில்லை.