கடைசித் தாளில்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
இளவரசியைக் கடத்திவிட்டார்கள்.
எனக்குக் குமட்டியது. புத்தகத்தை மூடினேன்.
கதையைக் குறை சொல்லவில்லை, வண்டி அப்படி.

குறை வேறு இருக்கிறது.
இருநூறு பக்கமாகக் குதிரையிலேயே போகிறாள்,
ஒருநாளும் தொடை உராயவில்லை.
நான்கு பௌர்ணமி வந்து போகிறது,
அவளுக்கு மட்டும் எதுவும் வருவதில்லை.
முப்பதாயிரம் பேர் படை நடக்கிறது,
சோறு பொங்கியது யார்?
நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதுகிறவள்.
ஆளுக்கு அறுநூறு கிராம் என்று வைத்து
ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்:
எழுபத்தைந்து கிலோ மூட்டை இருநூற்று நாற்பது,
தினமும்.
கதையில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

இன்னொன்று.
மன்னர்கள் மலையேறும்போதெல்லாம்
மலைவாசிகள் தேனும் தினையும் நீட்டிவிட்டு
மறைந்துவிடுகிறார்கள்.
நான் மலைக்காரி.
மறையவில்லை,
காலை ஏழே காலுக்கு நாகலூர் நிறுத்தத்தில்
டிபன் பாக்ஸோடு நிற்கிறேன்.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, தெரியும்.
ஆனால் ஆரம்பித்தது நானில்லை.
கடைசித் தாளில், தேதி முத்திரைகளுக்குக் கீழே,
நீல மையில்: 'அழுதுவிட்டேன்.'
எதற்கு? என்று கேட்டு வைத்தேன்.
மூன்று வாரம் கழித்துப் பதில்:
'தங்கை ஆற்றில் போனதற்கு.
நீங்கள் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.'

அன்றிலிருந்து
ஏற்காட்டுக் கிளை நூலகத்தில் அந்த அலமாரி
எங்கள் இருவருக்கும் சண்டைக்களம்.
நாகங்கள் பேசும் நாவலில் நான் எழுதினேன்:
முன்பக்க வரைபடத்தில் ஏழு கோட்டை,
ஒரு மாவு மில் இல்லை.
தோளில் மச்சம் இருப்பவனே உலகைக் காப்பானாம்;
எனக்கும் இருக்கிறது,
எந்தத் தாடிக்காரரும் வந்து கூப்பிடவில்லை.
நீல மை: 'மச்சம் எந்தத் தோளில்?
இடது என்றால் வில்லி.'
வில்லி என்றாலும் சம்மதம் என்றேன்.
அவர்களுக்குத்தான் வேலை செய்யத் தெரிகிறது.

மந்திரம் போடும்போதெல்லாம்
ஒரு சொல்லை மறந்துபோகிற பெண்ணின் கதையில் மட்டும்
இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.
கடைசியில் அவளுக்குத் 'தண்ணீர்' மறந்துவிடுகிறது.
'விலையில்லாத மந்திரம் இலவச வேட்டி மாதிரி,
ஒரு துவைப்புதான்,' என்றது நீல மை.
அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பழைய தங்கையிடம் திரும்பினேன்.
புத்திசாலி என்று காட்டிக்கொள்ள எழுதினேன்:
உடல் கிடைக்காத யாரும்
கதையில் சாவதில்லை.
மூன்றாம் பாகத்தில் வருவாள், பாருங்கள்.

பதிலுக்கு ஆறு வாரம் ஆனது.
'மேட்டூரில் எங்களுக்கும் கிடைக்கவில்லை.
நான்கு வருஷம்.'
கீழே வேறெதுவும் இல்லை.
அந்த நீலம்
வழக்கத்தைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது.

ஆணா பெண்ணா, தெரியாது.
அன்று வண்டியில் எல்லோர் விரலையும் பார்த்துக்கொண்டே வந்தேன்,
மை இருக்கிறதா என்று.
கண்டக்டர் விரலில் இருந்தது.
அவருக்கு எப்போதும் இருக்கும்.

மூன்றாம் பாகம் மலைக்கு வரவேயில்லை.
சனிக்கிழமை அரைநாள் விடுப்பில்
சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி
ஐந்து ரோட்டுப் பக்கம் பழைய புத்தகக் கடையில் பிடித்தேன்,
நூற்றுப் பத்து ரூபாய், அட்டை கிழிந்தது.
தட்டுவடை செட் வாங்கி, நின்றபடியே புரட்டினேன்.

அறுபத்தோராம் பக்கம்.
மீனவர் குடிசையில் கண்விழிக்கிறாள்.

இது ஏமாற்று வேலை.
செத்தவளைப் பொத்தி வைத்திருந்து
விற்பனைக்காக எழுப்புவது.
எங்கே பார்த்தாலும் திட்டுவேன், என் கருத்து அதுதான்,
மாறவில்லை.

புத்தகத்தை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.
நூலகர் முத்திரை குத்தி, புதுச் சீட்டு ஒட்டினார்.
ஓரங்களில் ஒரு கணக்கும் போடவில்லை.
(போட்டேன். ரப்பரால் அழித்துவிட்டேன்.)
கடைசித் தாளில் ஒரே வரி:
'அறுபதாம் பக்கம் முடிந்ததும்
வண்டியில் படிக்காதீர்கள்.
இறங்கிப் படியுங்கள்.'