குழாய்

சுவையில்லாத லொலிபொப் என்று
முகத்தைச் சுளித்தபடி
முப்பது விநாடி குச்சியைச் சூப்பினானாம் அகரன்.
இருபத்துமூன்று பிள்ளைகளின் எச்சில்
ஒரே குழாய்க்குள்.

இரவு பத்தரைக்குச் செய்தி:
குழாயில் கிருமி.
யாருடையது, தெரியாது.

வூப்பர்டாலின் கடைசித் தொங்குரயில்
யன்னலோடு வெறுமையாய்ப் போனது.
நித்திரையில் அவன் மூச்சை எண்ணினேன்;
நாற்பதில் பிழைத்து
திரும்ப ஒன்றிலிருந்து.

விடியச் சொன்னான்:
"அம்மா, யோனாஸின்ர அழிறப்பரைக்
கடிச்சது நான்தான்."

தனித்தனிக் குழாய்.
இவனுக்கில்லை. யோனாஸுக்கு.
ஓடிவந்த என் நிம்மதி
அவன் தாயின் பெயரைக் கைபேசியில் கண்டு
படியிலேயே நின்றுவிட்டது.

அகரன் புது அழிறப்பரை
உறைக்குள் வைக்கிறான்,
ஒரு மூலையை
மெல்லக் கடித்துவிட்டு.