ஏழில் இரண்டு

ஏழில் மூன்று சுவீடனுக்கு,
இரண்டு நார்வேக்கு,
இரண்டு எங்களுக்கு.
விமானங்களை அப்படித்தான் பங்கு வைப்போம்,
அறுக்காமல்,
வாலருகே எழுதும் இரண்டெழுத்தை வைத்து.

எழுதியவள் நான்.
காஸ்ட்ரூப், பெயின்ட் பிரிவு, இங்கெலீஸ்.

நான் சேர்ந்த வருஷம் டிசி-பத்து வந்தது.
இறக்கைக்கு ஒன்றாய் இரண்டு எஞ்சின்,
வால்மேல் மூன்றாவது.
ஆளுக்கொன்று என்றார்கள் கேன்டீனில்.
உச்சியில் இருப்பது எங்களுடையது என்றான் ஒட்வார்,
பெர்கன்காரன்.
நூற்று நாற்பத்தேழு மீட்டர் மேட்டுக்கு
வானமலை என்று பெயர் வைத்த நாடு எங்களுடையது.
நான் சூப்பைக் குடித்தேன்.

துருவத்தின் மேலாகப் போய்
டோக்கியோ பார்த்துத் திரும்பும்,
வயிறெல்லாம் எண்ணெய்க் கோடு.
மூக்கருகே மட்டும் துடைத்துவிடுவேன்.
அங்கேதான் பெயர்:
ஸ்தைனுல்ஃப் வைக்கிங்.

பிறகு போயிங் வந்தது, இரட்டை எஞ்சின்.
கடல் தாண்ட இரண்டே போதும் என்று
சட்டம் மாறியிருந்தது.
அப்போ மூவரில் யார் நடந்து போவது?
கேன்டீனில் ஒரு வாரம் இதே பேச்சு.

டிசி-பத்தை விற்றார்கள்.
ஸ்தைனுல்ஃபைச் சுரண்டினேன்.
நகக்கண்ணில் நீலத் தூள்
போவதற்குள் ஆபீசிலிருந்து தாள்:
புது விமானத்துக்குப் பெயர், ஸ்தைனுல்ஃப்.
அதே அச்சுத் தகடு, அதே கை.
செத்த ஆளை
இவ்வளவு சீக்கிரம் நான் எழுப்பியதில்லை.

அதுவும் போனது. ஏர்பஸ் வந்தது.
நான்கு எஞ்சின்.
நான்காவது யாருக்கு?
வங்கிக்கு, என்றான் தோர்ஸ்தென்,
சிரிக்காமல்.

இரண்டாயிரத்து இருபது, ஏப்ரல்.
ஓடுபாதையிலேயே நிறுத்தியிருந்தார்கள்,
எஞ்சின் வாய்க்கெல்லாம் சிவப்புத் துணி.
எங்கள் வாய்க்கு நீலம்.
எனக்கு வேலையில் பதினொரு நாள் பாக்கி.

மூன்றாவது முறையாகச் சுரண்டினேன்.
எழுத்து வந்துவிட்டது.
பெயர் வரவில்லை.

பத்தொன்பது வருஷம் வெயில் தின்று
சுற்றிலும் பழுத்த வெள்ளை;
எழுத்து மூடியிருந்த இடம் மட்டும்
பால்வெள்ளை.
சாய்ந்த வெளிச்சத்தில்
முன்னைவிடத் தெளிவாக
ஸ்தைனுல்ஃப்.

வாங்கியவர்களின் ஆள் வந்து பார்த்தான்.
மேலே ஒரு பூச்சு போடட்டுமா என்றேன்.
வேண்டாம், பாலைவனத்துக்குத்தான் போகிறது,
அங்கே வெயில் அதிகம் என்றான்,
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
ஒரு கோடை போதுமாம்.