ஒருத்தரும் தொடேல்லை

ஒருத்தரும் தொடேல்லை.
ஆனாலும் திரையில்
ழழழழழழ என்று ஓடிக்கொண்டிருந்தது எழுத்து.
பிறகு தானே கமராவைத் திறந்து
எங்கள் கூரைத் தகரத்தை
முப்பத்துநாலு படம் எடுத்தது.
ஒன்றில் பல்லியும் இருந்தது,
வடிவாகத்தான் விழுந்திருந்தது.

"டெப்புக்குப் பேய் பிடிச்சிட்டுதம்மா"
என்றாள் மிதுசா.
விடிந்தால் கணக்கு ஒப்படை.

முதலில் துடைத்தேன்.
மல்லாவிச் சந்தியில் அறுநூறு கொடுத்து ஒட்டின பிளாஸ்டிக்கை
நகத்தால் கிளப்பி உரித்தேன்.
பவர் பொத்தானையும் சத்தம் கூட்டுற பொத்தானையும்
சேர்த்து அமத்தி இருபதுவரை எண்ணினேன்.
செத்தது. எழும்பியது.
ழழழ.

வயலால் வந்த பரஞ்சோதி
"அரிசி வாளிக்குள்ள வையுமன்" என்றார்.
தண்ணீரில் விழவில்லையே என்றேன்.
"என்டாலும் வையுமன்."
வைத்தோம்.
ஒரு மணித்தியாலத்தால் எடுத்தபோது
சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள்
ஒரு குறுணல் போய் இருந்தது.
அதை ஈர்க்கால் கிண்டி எடுக்க
இன்னொரு அரை மணித்தியாலம்.

போன் கடை றொபின்சனுக்கு அடித்தேன்.
"எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்குங்கோ அக்கா."
எல்லாத்தையும் என்றால்?
"எல்லாத்தையும்தான்."

அதற்குள்தான் கேதீஸ் அண்ணன்
கடைசியாக அனுப்பின குரல் பதிவும் கிடக்கிறது.
நாலு நிமிசம், முழுக்க ஏச்சு.
என்றாலும் குரல்.
அழிக்கவில்லை.
சார்ஜில் குத்திவிட்டுப் படுத்தோம்.

இரவு இரண்டு பத்து.
மேசையில் மணி அடிக்கிற சத்தம்,
வருகிற மணி இல்லை, போகிற மணி.
இருநூற்றுச் சொச்சம் பேரில்
பேய் தெரிந்தெடுத்த பெயர்: கேதீஸ் அண்ணன், ஸ்காபரோ.
வவுனிக்குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கருக்காக
இரண்டு வருசம் மூன்று மாதம் கதையில்லை.
பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தினேன்,
என் விரலை அது கணக்கெடுக்கவில்லை.

காதுமூடின தொப்பி, பின்னால் ஒரு பஸ் நிறுத்தம்,
பகல் வெளிச்சம்.
அண்ணனுக்கு என் முகம் தெரிந்திராது.
மேசையில் மல்லாந்து கிடந்த டெப்
லைட்டைப் போட்டதும் கூரையைத்தான் காட்டியிருக்கும்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"தகரம் மாத்தினீங்களோ?"
"ஓம். போன மாரிக்கு முதல்."
அதோடு அறுந்தது.
யார் அறுத்தது, அவரோ, நானோ, பேயோ
தெரியாது.

விடியப்புறம் பரஞ்சோதி
வயரைப் பிடுங்கினார். ழகரம் நின்றது.
குத்தினார். தொடங்கியது.
பிடுங்கினார். நின்றது.
நாலாம் தரம் சும்மா ஆசைக்குச் செய்தார் என்று நினைக்கிறேன்.
சந்தையில் முன்னூற்றைம்பதுக்கு வாங்கின சார்ஜர்.
ஒழுகுகிற கரண்ட்
திரைக்கு விரல் மாதிரித் தெரியுமாம்,
றொபின்சன் பிறகு சொன்னான்.
நாற்பத்தொரு வீதத்தில்
ஒப்படையை முடித்துவிட்டு
வான் கோர்ன் அடிக்க ஓடினாள் மிதுசா.

அடுத்த இரவு
சார்ஜர் லாச்சிக்குள் கிடந்தது.
டெப் வயரில்லாமல் மேசையில்.
இரண்டு மணி கழிய மணி அடித்தது,
போகிற மணி இல்லை.

திரையில் அதே பெயர்.

"அங்கையும் சார்ஜர் பழுதாக்கும்"
என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார் பரஞ்சோதி.
பிறகு, சுவரைப் பார்த்தபடி:
"எடுமன்."